வியாழக்கிழமைத் தண்ணீர்

புது மென்பொருளுக்கு மாறப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்ததிலிருந்து உங்களில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்றும் கேள்விப்பட்டேன். முதல் செய்தியைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மென்பொருள் வரும், போகும். இரண்டாவது செய்தியைக் கேட்டதும்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

ஓய்வு பெற்றவர்கள் இளையவர்களுக்கு எழுதும்போது பொறாமைப்படாதீர்கள், ஒற்றுமையாக இருங்கள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எழுத வராது. கழிவுநீர்க் குழாய் வடிவமைப்பில் நான் செய்த நல்ல வேலைகளில் பாதி, பக்கத்து மேசைக்காரி மேல் இருந்த வயிற்றெரிச்சலில் செய்தவை. பொறாமை வேண்டாம் என்று சொல்லி உங்களால் அதை நிறுத்த முடியாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகம் வேலூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைக் குழாய் வழியாகச் சேர்த்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கான வடிவமைப்புதான் எங்கள் பிழைப்பு. அலுவலகத்தின் சொந்தக்காரரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அவர் சார்தான்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய நிரல். கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வரும். குழாயின் நீளம், சரிவு, விட்டம் எல்லாம் கொடுத்தால் தாங்குமா தாங்காதா என்று ஒரே வரியில் சொல்லும். அதற்கு மணியும் தெரியாது, கிழமையும் தெரியாது. சராசரி ஓட்டத்தை ஓர் எண்ணால் பெருக்கி, இதுதான் உச்சம் என்று நாம் சொன்னால் அது நம்பிக்கொள்ளும். அந்த நிரலை என் அளவுக்கு ஓட்ட அலுவலகத்தில் ஆள் கிடையாது. சார் வாடிக்கையாளர்களிடம், “எஸ்தர் போட்டா சரியாத்தான் இருக்கும்” என்பார். அதைக் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருக்கும்.

ஜெயந்தி என்னைவிடச் சின்னவள், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். ஊர் நாட்றம்பள்ளி. வார நாட்களில் வேலூரில் பெண்கள் விடுதியில் தங்கி, சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எனக்கு அதுவே பிடிக்காது. ஆனாலும் அவள் என் பின்னால் இருந்தவரைக்கும் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை.

புதிய நூற்றாண்டு பிறந்த சமயத்தில் சார் புது மென்பொருளை வாங்கினார். வண்ணப் படத்தில் குழாய் தெரியும். நேரம் நகர நகர அதில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். வாரத்தின் ஏழு நாளுக்கும் மணிக்கு மணி எவ்வளவு ஓட்டம் என்று கொடுக்கலாம். குழாய் நிரம்பினால் தண்ணீர் பின்னால் ஏறி எந்த மேன்ஹோலில் பொங்கும் என்று சிவப்பில் காட்டும். சென்னையில் ஒரு வாரப் பயிற்சி. நான் பெட்டியே கட்டிவிட்டேன். சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

“எஸ்தர், நீ ஒரு வாரம் மெட்ராஸ் போய்ட்டா இங்க வேலைய யார் பாக்கறது? ஜெயந்தி போவட்டும். அவ இல்லன்னாலும் ஓடும்.”

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பேரையும் அடித்தார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. என் மேல் விழுந்த அடி மட்டும்தான் அன்றைக்கு எனக்கு வலித்தது. பழையதில் கெட்டிக்காரியாக இருந்ததற்குத் தண்டனையாகப் புதியது எனக்குக் கிடைக்காமல் போனது.

அவள் திரும்பி வந்தபோது கையில் டாங்கிள் இருந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. கணினியின் பின்னால் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. தொலைந்தால் வேறு கிடைக்காது என்பதால் சார் அவளையே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு வைத்து அதற்குள் போட்டு, கைப்பையில் எடுத்துக்கொண்டு போவாள். மூக்குத்தியைப் பொதிந்து வைப்பது போல அவள் அதைப் பொதிந்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூர் வேலை வந்தது. ஏற்கெனவே ஒரு குழாய் போய்க்கொண்டிருந்தது. இன்னும் பல டேனரிகள் அதில் சேரப் போவதால், எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட வேண்டும். குழாய் வழியில் ஒரு தாழ்வான தெரு. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களின் வீடுகள். வாசற்படியும் சாலையும் ஒரே மட்டம். குழாய் போதாவிட்டால் சுண்ணாம்பும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீர் மேன்ஹோலில் பொங்கி நேராக நடுவீட்டுக்குத்தான் போகும்.

சாருக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வந்தது. வேலையைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்.

“ஆம்பூர் முடியட்டும். டிசைன் பொறுப்ப உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு நான் ஓரமா உக்காந்துக்கறேன்.”

அது எனக்குத்தான் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். டாங்கிள் வந்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆம்பூர் மாடலைச் செய்வது ஜெயந்தி, சரிபார்ப்பது நான் என்று சார் பிரித்துக் கொடுத்தபோது, பாதி உயிர் போய் பாதி உயிர் வந்தது.

பத்து நாளில் அவள் விடை கொண்டுவந்தாள். நான் பழைய முறையில் போட்டு வைத்திருந்த குழாயைவிட ஒரு சுற்று சின்னக் குழாயே போதும் என்றது அவள் மாடல். டேனரிக்காரர்களுக்குத் தேன் போன்ற செய்தி. சார் முகம் மலர்ந்தது. நான் பிரதியை வாங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவள் எனக்குச் சுற்றமே இல்லை, அதனால் நன்றாகவே பார்த்தேன். ஒரு குழாயில் சரிவு தலைகீழாக இருந்தது. இரண்டு மேன்ஹோல்களின் மட்டம் மாறிப் போயிருந்தது. ஒரு டேனரி இரண்டு தடவை சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவள் மேசையில் போட்டேன். அவள் பார்த்துவிட்டு, “தேங்க்ஸ் கா” என்றாள். மறுநாள் எல்லாவற்றையும் திருத்திக் கொண்டுவந்தாள். இப்படியே மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் வட்டம் போட ஒன்றுமே இல்லை. அவளைக் கவிழ்க்க உட்கார்ந்த நான், அவள் மாடலை அப்பழுக்கில்லாமல் ஆக்கிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு வீட்டில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மென்பொருளோடு ஒரு மாதிரி வாரம் வந்தது, அதில் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆம்பூர் டேனரிகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, தொழுகை நாள். அவள் அதை மாற்ற மறந்திருப்பாள் என்று ஆசையோடு புரட்டினேன். சரியாக வெள்ளிக்கு மாற்றி வைத்திருந்தாள். அப்படியும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் நான்கைந்து டேனரியாவது ஓடாதா, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் போட முடியாதா என்று, களத்தில் பார்த்து வருவதாகச் சாரிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே ஆம்பூருக்குக் கிளம்பினேன்.

ஒன்றுகூட ஓடவில்லை. ஒரு டேனரியில் உள்ளே விட்டார்கள். தோலை ஊறவைக்கும் தொட்டிகள், சுண்ணாம்புத் தொட்டிகள் எல்லாம் காலியாக, கழுவித் துடைத்துக் கிடந்தன. தரை பளிச்சென்று இருந்தது. தாழ்வான தெருவில் மேன்ஹோல் மூடியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அடியில் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மட்டும் வெகு உயரத்தில், ஏறக்குறைய மூடிக்குப் பக்கத்தில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் மனசில் வாங்கவில்லை. ஜெயந்தியின் வெள்ளிக்கிழமை சரியாக இருக்கிறதே என்ற கடுப்பில் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் இருந்தது கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த தெரு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற நாள், அன்றைக்கு யாரும் துணி துவைக்க மாட்டார்கள், வீடு கழுவ மாட்டார்கள். அதனால் சனிக்கிழமை பிற்பகல் ஆனால் மொத்தத் தெருவும் வாளியும் துடைப்பமுமாக நிற்கும். நானும் பின்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததெல்லாம் ஜெயந்தியை நினைத்துக்கொண்டுதான், தரை அன்றைக்கு நன்றாகவே சுத்தமானது. ஊற்றிய தண்ணீர் போகவில்லை. சாக்கடை வாயில் நின்று, நுரையோடு திரும்பி உள்ளே வந்தது.

என் வீட்டுக்காரர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“எல்லா வூட்லயும் ஒரே நேரத்துல ஊத்துறீங்க. சாக்கட பாவம், இன்னா பண்ணும்? நாளைக்கு ஊத்துனா ஜோரா போவும்.”

“நாளைக்கு யார் ஊத்துவா?” என்று எரிந்து விழுந்தேன். விழுந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டேன்.

காலித் தொட்டிகள். கழுவிய தரை. வெள்ளிக்கிழமை அவை காலியாக இருந்தன என்றால், அத்தனை தண்ணீரும் அதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள், எல்லா டேனரியும், ஒரே நேரத்தில். எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை எப்படியோ அப்படி ஆம்பூர் டேனரிகளுக்கு வியாழக்கிழமை. அதனால்தான் அந்த ஈரக்கோடு அவ்வளவு உயரத்தில் இருந்தது. ஜெயந்தி விடுமுறையை வெள்ளிக்கு மாற்றினாள். விடுமுறைக்கு முந்தின நாளை மற்ற நாட்களைப் போலவே விட்டுவிட்டாள். மென்பொருளில் வந்த மாதிரி வாரத்தில் அப்படி ஒரு நாளே இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அந்தத் தெரு வீடுகளை நினைத்து வந்த சந்தோஷம் இல்லை அது. அகப்பட்டுக்கொண்டாள் என்கிற சந்தோஷம். திங்கட்கிழமை காலையில் ஆம்பூரில் டேனரி உரிமையாளர்களோடு கூட்டம். அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து வியாழக்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாளியைக் கவிழ்த்துவிட்டு யோசித்தேன். சொன்னால் அவர்கள் காட்டு என்பார்கள். வெறும் வாயால் சொன்னால் வயசான எரிச்சல் என்றுதான் சார் நினைப்பார். ஓட்டிப் பார்த்து, சிவப்பில் காட்ட வேண்டும். அலுவலகச் சாவி என்னிடம் இருந்தது. டாங்கிள் நாட்றம்பள்ளியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குக் கட்டிய புடவையோடே, நாட்றம்பள்ளி வழியாகப் போகும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். ஜெயந்தி வாசலில் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“இன்னா கா, இவ்ளோ தூரம்?”

“டாங்கிள் வேணும்.”

“எதுக்கு?”

“மாடல்ல ஒண்ணு பாக்கணும்.”

“இன்னா பாக்கணும்னு சொல்லுங்க. நானே போட்டுப் பாக்கறேன்.”

“நீ டாங்கிள குடு. நானே பாத்துக்கறேன்.”

“உங்களுக்குத்தான் அந்த சாஃப்ட்வேர் தெரியாதே கா.”

உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு சுட்டது. அவள் டாங்கிளைக் கொடுக்க மாட்டாள், நான் விஷயத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் கூட்டத்தில் அது அவளுடைய கண்டுபிடிப்பாகிவிடும். கொடுத்தால் மாடல் என்னுடையதாகிவிடும் என்று அவளுக்குப் பயம். வைக்கோல்போர் நாய் ஒன்று என்றால் சமாளிக்கலாம், அங்கே இரண்டு இருந்தன. அவளுடைய அம்மா கறிக்குழம்பு ஊற்றிய தட்டோடு வந்து நடுவில் நின்றார்.

“சாப்ட்டு சண்ட போடுங்கம்மா. ஆறிப்போவுது.”

சாப்பிட்டோம். கடைசியில் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, “வாங்க, ஆபீஸ் போலாம். ஆனா டாங்கிள் என் கைலதான் இருக்கும்” என்றாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வந்தோம். வாணியம்பாடி தாண்டியதும், “லெவல்ல தப்பா கா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். ஆம்பூரில், “வெள்ளிக்கிழமையா?” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

வெயில் தாழ அலுவலகத்தைத் திறந்தோம். அவள் டாங்கிளைச் செருகி, நாற்காலியை விடாமல் உட்கார்ந்தாள். நான் இன்னொரு நாற்காலியை அவள் மேல் இடிக்கிற மாதிரி இழுத்துப் போட்டேன்.

“வியாழக்கிழம மத்தியானத்துக்குப் போ.”

அவள் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஐயோ. தொட்டி கழுவற நாளு” என்றாள்.

எனக்கு ஒரு வெள்ளியும் ஒரு சனியும் ஆம்பூருக்கு ஒரு நடையும் ஆனது. அவளுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வெற்றி பெறும் நேரத்திலும் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

எவ்வளவு தண்ணீர் என்பதில் சண்டை போட்டோம். எல்லாத் தொட்டியும் ஒரே பிற்பகலில் காலியாகும் என்றேன். பாதிதான் ஆகும் என்றாள். இரண்டு விதமாகவும் ஓட்டினோம். இரண்டிலும் தாழ்வான தெருவின் மேன்ஹோல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவள் குழாயின் அளவை மாற்றினாள். பழைய முறையில் நான் போட்டிருந்த பெரிய குழாய் அது. மறுபடி ஓட்டினாள். சற்றுத் தாமதமாக, அதே தெரு, அதே சிவப்பு.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இன்னும் ஒரு சுற்றுப் பெரிய குழாயும், முடிவில் பம்ப் வைக்கும் இடத்தில் ஆழமான கிணறும் போட்ட பிறகுதான் அந்தத் தெரு பச்சையாக நின்றது.

காலையில் சாருடைய அம்பாசிடரில், கணினியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகும்போது சொன்னோம். அவர் “ஸைஸ் ஜாஸ்தின்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. பாத்துப் பேசுங்க” என்றார். அந்த வேலை கை நழுவிப் போனால் அலுவலகம் தள்ளாடும் என்பது எங்களுக்கும் தெரியும்.

கூட்டத்தில் ஜெயந்தி படத்தை ஓட்டிக் காட்டினாள். சிவப்பைக் கண்டதும் நாற்காலிகள் திரைப் பக்கம் நகர்ந்தன. உரிமையாளர்களில் மூத்தவர் ஒரு பாய், நல்ல மனிதர், ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. தாடியைத் தடவிக்கொண்டே வழி சொன்னார்.

“பெரிய பைப்பு எதுக்கும்மா? பாதி டேனரி புதன்கிழம கழுவட்டும், பாதி வியாழக்கிழம கழுவட்டும். நான் சொன்னா கேப்பாங்க. அப்ப சின்ன பைப்பு போதுமா, பாருங்க.”

ஜெயந்தி எண்களை மாற்றி ஓட்டினாள். எல்லாம் பச்சை. அவளுடைய பழைய சின்னக் குழாயே கச்சிதமாகத் தாங்கியது. அறையில் கலகலப்பு வந்தது, சார் மூச்சு விட்டார். இரண்டு நிமிடம் முன்னால் தோற்றிருந்த அவள் மாடல் மறுபடி ஜெயித்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வரும். எல்லோருக்கும் பிடித்த விடையைத் திரை காட்டும்போது வாயைத் திறப்பது கஷ்டம்.

நான் எழுந்தேன்.

“பாய், உங்க வார்த்தைக்கு மரியாத உண்டு. ஆனா எங்க தெருல சனிக்கிழம சாயங்காலம் சாக்கட ரொம்பி வூட்டுக்குள்ள வரும். வெள்ளிக்கிழம கழுவுங்கன்னு பாஸ்டரே சொன்னாலும் ஒருத்தியும் கழுவ மாட்டா. ஒரு நாள் இருந்தா திரும்பத் தூசி படியும்ல? உங்க வூட்ல எப்டி? புதன்கிழம கழுவிட்டு வெள்ளிக்கிழம வரைக்கும் இருப்பாங்களா?”

சிலர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. “டேனரி வேற, வூடு வேறம்மா” என்றார்.

“டேனரிலயும் லீவுக்கு மொத நாள் வரைக்கும் தோல் ஓடணும்னுதான பாப்பீங்க? மொத மாசம் புதன்கிழம கழுவுவாங்க. அப்புறம் ஆர்டர் ஜாஸ்தியா வரும். எல்லாரும் வியாழக்கிழமைக்கே வந்துடுவாங்க. தண்ணி அந்தத் தெருக்காரங்க வூட்ல நிக்கும்.”

சாருடைய முகம் இறுகியது. என்னைப் பார்க்காமல் அடுத்த நாற்காலிப் பக்கம் திரும்பினார். “ஜெயந்தி, மாடல் உன்னுது. நீ இன்னா சொல்ற?”

அவள் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடுகள் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. சின்னக் குழாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் முடிந்தது, வேலையும் பொறுப்பும் அவளுடையது. அவள் வாயைத் திறக்கிற வரைக்கும் நான் உட்காரவில்லை.

“கம்ப்யூட்டர்ல சரியா வருது சார். ஆனா அப்டி நடக்காது. எஸ்தரக்கா சொல்ற மாதிரி பெரிய பைப்பே போடலாம்.”

அதன் பிறகு வெகுநேரம் வாக்குவாதம். இறுதியில் பாய் கையைத் தட்டிப் பேச்சை நிறுத்தினார். “சரி, போடுங்க. நாளைக்குத் தெருவே என் வாசல்ல வந்து நின்னா பேஜாரு” என்றார். பிரியாணி வந்தது.

சாப்பிட்ட பிறகு சார் எங்களைக் கார் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். டிசைன் பொறுப்பு ஜெயந்திக்கு என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே காரணமும் சொன்னார்.

“தப்ப நீ கண்டுபுடிச்ச எஸ்தர். ஒத்துக்கிட்டது அவ. பொறுப்புல இருக்கறவங்களுக்கு அந்த அடக்கம் வேணும்மா.”

வாணியம்பாடியில் வேறு வேலை இருந்ததால் அவர் டிரைவரோடு காரில் அந்தப் பக்கம் போய்விட்டார். நாங்கள் இருவரும் வேலூர் பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரம் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழுவதைவிட லாரியில் விழலாம் என்றும் தோன்றியது. நல்லவளாகவும் இருந்து ஜெயித்தும் விட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. கெட்டவளிடம் தோற்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாடலை முடித்ததும் உங்கள் மேல் பிரியமாக இருப்பவர்களிடம் காட்டாதீர்கள். அவர்கள் படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்கள். முகம் கொடுத்துப் பேசாதவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்கள் கொடுக்கிற பக்கமாக இல்லாமல் எரிகிற பக்கமாக இருந்தால், எரிச்சலை முதுகுக்குப் பின்னால் பேசித் தீர்க்காதீர்கள். காகிதத்தில் வட்டம் போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். புது மென்பொருளுக்குக் கிழமை தெரியும், ஊர் தெரியாது. அதை யாராவது குரோதத்தோடு தேடினால்தான் கிடைக்கும். எனக்குப் பின்னால் வந்த ஜெயந்தியிடம் அதன் பிறகு பல வருடம் வேலை செய்தேன். அவள் மாடல் ஒன்றுகூட என் சிவப்புப் பேனா படாமல் வெளியே போனதில்லை.

அன்றைக்கு ஆம்பூரில் பஸ் வரத் தாமதமானது. பேசாமல் நிற்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

“பச்சையாதான காட்டுச்சு? நீ ஏன் என் பக்கம் பேசுன?”

“உங்க பக்கம் யார் பேசுனா?” என்றாள். சட்டென்று கோபமாகத் திரும்பினாள். அதுவரை அவளிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. “சின்ன பைப்பு போட்டிருந்தா என்னிக்காவது ஒரு வியாழக்கிழம அந்தத் தெருல தண்ணி மேல வரும். நீங்க மேசைல கைய வெச்சிக்கிட்டு, ‘நான் அப்பவே சொன்னேன்’னு ஒரு பார்வ பாப்பீங்க. காலத்துக்கும் அதப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது கா.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான் அது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முதலில் முறைத்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. பஸ் வந்தது. ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, இரண்டு பேரும் இடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தோம்.

சார் கடைசிவரை ஜெயந்தியின் அடக்கத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் அதை மறுத்து ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.